கிதாரின் தலையெழுத்து

எருமப்பட்டிப் பக்கம் எங்கள் மாலை வகுப்புகளுக்கு வரும் கல்லூரி மாணவர்களிடம் புதிதாக ஒரு மோகம் பரவியிருக்கிறது. பழைய ஜப்பான் எலெக்ட்ரிக் கிதார். 1970களிலும் 80களிலும் ஜப்பானில் செய்த கிதார்களைக் கைபேசியில் தேடிப் பார்க்கிறார்கள், ஒலியைக் கேட்கிறார்கள், வரிசை எண்ணை வைத்து எந்த வருடத்துச் சரக்கு என்று வாதாடுகிறார்கள். வாங்கும் வசதி ஒருவருக்கும் இல்லை. “நம் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு? நம்மிடம்தான் பறை இருக்கிறதே” என்று நம் தோழர்கள் சிலரே கேட்கிறார்கள். அந்தக் கேள்வியோடு எங்களுக்கு உடன்பாடில்லை. அந்தக் கிதார்களின் கதை, உழைப்பையும் பெயரையும் பற்றிய கதை. நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

எலெக்ட்ரிக் கிதார் என்றதும் நினைவுக்கு வரும் இரண்டு பெயர்கள் அமெரிக்காவின் ஃபெண்டரும் கிப்சனும். கிப்சனின் லெஸ் பால் 1952இல் வந்தது, ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இல். ஜப்பானியர்கள் இவற்றைப் பார்த்துச் செய்யத் தொடங்கியபோது உலகம் சிரித்தது. ‘ஜப்பான் சரக்கு’ என்றால் மட்டமான சரக்கு என்பது அன்றைய பொதுப்புத்தி. 60களில் வந்த பல கிதார்கள் உண்மையிலேயே சுமார்தான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் நகானோ மாகாணத்தின் மட்சுமோட்டோ நகரத்தில் கை தேர்ந்த மரவேலைக்காரர்கள் இருந்தார்கள். அங்கே 1960இல் தொடங்கியது ஃபூஜிஜென் தொழிற்சாலை. அதே ஊரின் மட்சுமோகு நிறுவனம் தையல் மெஷினுக்கு மரப்பெட்டி செய்துகொண்டிருந்த இடம். பெட்டி செய்த கைகள் கிதார் செய்யப் பழகின. ஒவ்வொரு வருடமும் வேலை மெருகேறியது. அமெரிக்காவிலோ ஃபெண்டர் 1965இல் சிபிஎஸ் என்ற பெருநிறுவனத்தின் கைக்குப் போனது, கிப்சன் பிறகு நோர்லின் கைக்குப் போனது. 70களில் அந்தக் கிதார்களின் தரம் இறங்கிவிட்டதாக வாசிப்பவர்களே குறைபட்டார்கள்.

1977இல் நோர்லின் வழக்குப் போட்டது. ஜப்பானின் ஐபனெஸ் கிதார்களை அமெரிக்காவில் விற்றுவந்த எல்கர் நிறுவனத்தின் மீது வழக்கு. இன்று 70களின் எந்த ஜப்பான் கிதாரைப் பார்த்தாலும் ‘வழக்குப் போட்ட காலத்துக் கிதார்’ என்று சொல்லி விலையை ஏற்றுகிறார்கள். உண்மையில் நடந்தது இந்த ஒரு வழக்குதான், அதுவும் அடுத்த வருடமே சமரசத்தில் முடிந்தது. வழக்கு எதைப் பற்றி? ஒலியைப் பற்றியல்ல, மரத்தைப் பற்றியும் அல்ல. கிதாரின் தலைப்பகுதி எந்த வடிவத்தில் வெட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பற்றி. உடம்பு எப்படி இருந்தாலும் பரவாயில்லை, தலை எங்கள் தலை மாதிரி இருக்கக் கூடாது என்றார்கள். தலையைப் பார்த்து ஆளை எடைபோடும் சமூகத்தில் வாழும் நமக்கு இது புதிதா என்ன?

ஐந்தே வருடத்தில் காட்சி மாறியது. 1982இல் ஃபெண்டர் நிறுவனமே ஜப்பானில் கூட்டு நிறுவனம் தொடங்கி, ஃபூஜிஜென்னிடம் கிதார் செய்யக் கொடுத்தது. அதே ஊர், அதே தொழிற்சாலை. தலையில் ஃபெண்டர் என்ற பெயர் ஏறியதும் நகல் அசலாகிவிட்டது. அன்று செய்த அந்த முதல் வரிசைக் கிதார்களைத்தான் இன்று உலகம் முழுக்கத் தேடி அலைகிறார்கள். தரம் கைகளில் இருந்தது. மதிப்பு பெயரில் இருந்தது. கைக்கும் பெயருக்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளியைத்தான் நாம் சாதி என்று படித்திருக்கிறோம்.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். வெறும் சேஸிஸாக வரும் வண்டிக்கு மரமும் தகடும் வைத்து உருவம் கொடுப்பவர்கள் பட்டறைத் தொழிலாளர்கள். சாலையில் ஓடும்போது எல்லோரும் சொல்வது சேஸிஸ் கம்பெனியின் பெயரை.

அப்படியானால் ஜப்பானில் கைவினைஞர்கள் எல்லோரும் மதிக்கப்பட்டார்களா? இல்லை. கிதார் ரசிகர்கள் பேசாத பக்கம் இது. ஜப்பானிலும் பிறப்பால் ஒதுக்கப்பட்ட மக்கள் உண்டு. புராகுமின் என்பார்கள். தோல் பதனிடுதல், செத்த மாட்டை அப்புறப்படுத்துதல் போன்ற தொழில்கள் அவர்கள் தலையில் கட்டப்பட்டன. 1871இல் அரசாணை இழிபெயர்களை நீக்கியது. ஒதுக்கல் நீங்கவில்லை. 1922இல் அவர்கள் சுய்ஹெய்ஷா என்ற சமத்துவ இயக்கத்தைக் கட்டினார்கள்.

ஜப்பானின் புகழ்பெற்ற தைக்கோ முரசுக்குத் தோல் வேண்டும். ஒசாகாவின் நானிவா பகுதியில் வாழும் புராகு மக்கள் தலைமுறை தலைமுறையாக அந்த முரசைச் செய்தவர்கள். கோயிலிலும் திருவிழாவிலும் முரசுக்கு மரியாதை, செய்தவருக்குத் தீட்டு. 1987இல் அந்தப் பகுதி இளைஞர்கள் தாங்களே முரசை எடுத்து அடிக்கக் குழு அமைத்தார்கள். குழுவுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘இகாரி’. கோபம் என்று பொருள். நம் சேரிகளின் கதையை யாரோ ஜப்பானிய மொழியில் எழுதிவைத்தது போல இருக்கிறது, இல்லையா?

இப்போது நம் ஊருக்கு வருவோம். பறையின் சட்டத்தில் மூன்று வளைந்த மரத் துண்டுகளை இரும்புப் பட்டையால் இணைக்கிறார்கள், புளியங்கொட்டைப் பசையால் தோலை ஒட்டுகிறார்கள், அடிப்பதற்கு முன் தீயில் காய்ச்சிச் சுதி ஏற்றுகிறார்கள். மரம், உலோகம், தோல், வெப்பம் எல்லாம் தெரிந்த அறிவு அது. ஐம்பது வருடத்துக் கிதாருக்கு வரிசை எண் உண்டு, செய்த ஆலையின் பெயர் உண்டு, ஆண்டு உண்டு, ஏறிக்கொண்டே போகும் விலை உண்டு. ஐம்பது வருடத்துப் பறைக்கு என்ன உண்டு? யார் செய்தார் என்று எங்கும் எழுதியிருக்காது. செய்தவரின் சாதி மட்டும் ஊருக்கே தெரியும்.

இதற்காகத்தான் “நம்மிடம் பறை இருக்கிறதே” என்ற வாதத்தை ஏற்க மறுக்கிறோம். இன்னாருக்கு இன்ன வாத்தியம் என்று பிரிப்பது சாதியின் வேலை. அதை நம் வாயால் சொல்லக் கூடாது. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்து ஊர்விலக்கை எதிர்கொண்டவர்கள் நம் முன்னோர். 1927இல் மகாடில் செத்த மாட்டை இழுப்பதை நிறுத்தச் சொன்னவர் அண்ணல் அம்பேத்கர். மறுத்ததும் விடுதலைதான். அதே பறையை மேடையில் பெருமையாக எடுத்ததும் விடுதலைதான். கிதாரைத் தொடுவதும் அப்படியே. எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யும் உரிமை வாசிப்பவருடையது.

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடை ஏறியபோது இதைத்தான் செய்து காட்டியது. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. கானாவும் பறையும் எலெக்ட்ரிக் கிதாரும் ஒரே மேடையில் ஒலித்தன. சாதியற்ற தமிழர் என்று பதியச் சொன்ன அயோத்திதாசரின் கருத்திலிருந்து வந்த பெயர் அது.

மாணவத் தோழர்களுக்கு ஒன்று சொல்கிறோம். பழைய ஜப்பான் கிதார் கிடைக்கவில்லையே என்று ஏங்க வேண்டாம். சிகாகோவின் கறுப்பின ப்ளூஸ் கலைஞர் ஹவுண்ட் டாக் டெய்லர், எல்லோரும் மட்டம் என்று ஒதுக்கிய மலிவான ஜப்பான் கிதாரைத்தான் வாசித்தார். அவருடைய இசைத்தட்டை வெளியிடுவதற்காகவே 1971இல் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. அன்று அது வின்டேஜ் இல்லை, கைக்கு எட்டியது, அவ்வளவுதான். நம் படிப்பகங்களில் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் சாதாரணக் கிதார் ஒன்று பொதுவில் இருக்கட்டும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பழகட்டும்.

அதோடு இன்னொரு வேலையும் உண்டு. இனி பறை வாங்கும் ஒவ்வொரு குழுவும் செய்தவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் அவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் சட்டத்தின் உட்புறம் எழுதச் சொல்லுங்கள். பேரம் பேசாமல் விலை கொடுங்கள். பயிற்சிப் பட்டறைக்கு அழைத்தால் ஆசிரியருக்குரிய ஊதியமும் நாற்காலியும் கொடுங்கள். மட்சுமோட்டோவில் கிதார் செய்த தொழிலாளிகளின் பெயர்கள்கூட இன்றுவரை ரசிகர்களுக்குத் தெரியாது, ஆலையின் பெயர்தான் தெரியும். அந்த விஷயத்தில் நாம் அவர்களை முந்தலாம்.

தலையெழுத்து என்பது யாரோ எழுதிவிட்டுப் போனது என்று நம்மை நம்ப வைத்திருக்கிறார்கள். எழுதுகோல் இப்போது நம் கையில் இருக்கிறது, தோழர்களே. செய்தவர் பெயரை எழுதுவோம்.