டேஷ்போர்டின் மேலுறை

குதிரை வண்டிகள் ஓடிய காலத்தில், குளம்புகள் வாரியெறியும் சேறு வண்டியில் அமர்ந்தவர் மேல் தெறிக்காதபடி முன்புறம் பொருத்திய பலகைக்கு வழங்கிய பெயரே, குதிரை போய் இயந்திரம் வந்த பின்பும், 'டேஷ்போர்டு' என்று மோட்டார் வண்டியோடு தொடர்ந்து வந்துவிட்டது. அது வெறும் அலங்காரத்துக்குரிய ஸ்தானம் என்றே நானும் எண்ணியிருந்தேன். ஒன்பது வருஷம் வெயிலில் நின்று வெடித்துப்போன மேலுறையைச் சென்ற வாரம் மாற்ற நேர்ந்தபோதுதான் அந்த அபிப்பிராயம் தவறென்று விளங்கிற்று.

சித்திரை வெயிலில் கண்ணாடிகளை ஏற்றி நிறுத்திய காரில் டேஷ்போர்டின் உஷ்ணம் 70 டிகிரி செல்சியஸை எட்டுவது அபூர்வமல்ல. பிளாஸ்டிக் மிருதுவாக இருக்கும்பொருட்டு அதில் கலந்திருக்கும் எண்ணெய் போன்ற திரவியம் அந்த உஷ்ணத்தில் சிறிது சிறிதாக ஆவியாகி, முன்கண்ணாடியின் உட்புறத்தில் மங்கலான படலமாகப் படிகிறது. துடைக்கத் துடைக்க மறுபடியும் தோன்றிய அதை நான் நெடுநாள் தூசி என்றே நினைத்திருந்தேன்.

மெக்கானிக் முதலில் பாட்டரியின் நெகடிவ் இணைப்பைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா நின்றார். ஏர்பேக்கை விரியச் செய்யும் மின்சாரம் சிறிது நேரம் உள்ளே தேங்கியிருக்குமாம். பிறகு இரும்புக் கருவியைத் தொடாமல், தட்டையான பிளாஸ்டிக் நெம்புகோலால் ஓரங்களை மெல்லக் கிளப்பினார். "அவசரப்பட்டா கிளிப் உடைஞ்சுடும் சார். அப்புறம் மேட்டுல ஏறி இறங்கும்போதெல்லாம் கடகடன்னு சத்தம் வரும்" என்றார். அந்தச் சிரத்தையை நான் மனமார வணங்குகிறேன். கியரைச் சுற்றியுள்ள கன்சோல் மூடிகள் கால் மணியில் மாறிவிட்டன.

கடைக்காரர் மரத்தைப் போல் மினுமினுக்கும் மேலுறையைச் சிபாரிசு செய்தார், நான் சம்மதிக்கவில்லை. டேஷ்போர்டின் மேற்பரப்பு பளபளத்தால் அதன் பிம்பம் முன்கண்ணாடியில் விழுந்து, எதிரே வரும் பாதையை மறைக்கும். கருமையும் மங்கலுமான பரப்பு இருப்பது அந்தக் காரணத்தினாலேயே.

இடப்பக்கத்தில், அம்மா பசை போட்டு ஒட்டிய சிறு பிள்ளையார் இருந்தார். சரியாக ஏர்பேக் மூடியின் மேல். 2021 ஏப்ரல் முதல் புது மாடல் கார்களில் முன் இருக்கைகள் இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயமாகிவிட்ட நம் தேசத்தில், விபத்தின்போது கண் இமைக்கும் நேரத்துக்குள் அந்த மூடி கிழிந்து திறக்கும் என்பதையும், அதன்மேல் ஒட்டிய எதுவும் அருகில் அமர்ந்தவர் முகத்தை நோக்கிப் பாயும் என்பதையும், வீடுதோறும் சொல்லவேண்டும் போலிருக்கிறது எனக்கு. அந்த இருக்கையில் எப்போதும் அமர்பவர் அம்மாதான். விவரத்தைச் சொன்னேன்.

"அப்படின்னா எடுத்துடுப்பா" என்றார்.

பிள்ளையார் இப்போது வீட்டுப் பூஜை அலமாரியில் இருக்கிறார். அடியில் ஒட்டிய பழைய பசை இன்னும் போகவில்லை.