டவுண் பள்ளி மாணவர் ஒருவர் கண்ட குறை

பாரதியார் எட்டயபுரத்தில் பிறந்தவர் என்பதை அறியாதார் இலர். அவர் 1894 முதல் 1897 வரை திருநெல்வேலி டவுணில், இந்துக் கல்லூரிப் பள்ளியில் பயின்ற மாணவர் என்பதையும் நெல்லைச் சீமையார் பெருமிதத்தோடு சொல்லிக் கொள்கிறோம். ஆயின், அப்பள்ளிப் படிப்பைப் பற்றி அவரே பின்னாளில் என்ன எழுதினார் என்பதை விழா மேடைகளில் நாம் சொல்லுவதில்லை. சொன்னால் பெருமிதம் சற்றே குறையும் என்ற அச்சம் போலும்.

புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தில், 1910-இல், 'கனவு' என்னும் தன்வரலாற்றுப் பாடலை அவர் வெளியிட்டார். நெல்லையில் தாம் பெற்ற கல்வியை அதிலே பாடம் பாடமாக எடுத்து வைத்து ஆராய்கிறார். கணக்கில் பல்லாண்டு உழன்றவனுக்கு வானத்து மீன் ஒன்றின் போக்கும் தெரியவில்லை; இலக்கியங்களை அடுக்கடுக்காகப் படித்தவன் அவற்றை ஆக்கியோன் நெஞ்சினை எட்டவில்லை; வாணிகமும் பொருளியலும் ஓயாது பேசுவோன் தன் நாட்டின் செல்வம் கரைந்து போவதைக் கேள்வியுறவும் இல்லை. இவ்வாறு செல்கிறது அவர் கூறும் குறை. தந்தையின் பணம் செலவானதன்றித் தமக்கு அக்கல்வியால் நன்மை விளையவில்லை என்றும் சினந்து முடிக்கிறார்.

இதனை ஆங்கில எதிர்ப்பு என்று மட்டும் கொள்வோர் பலர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஆங்கிலக் கவி ஷெல்லியின்பால் கொண்ட காதலால் 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக் கொண்டவர் அவர். 1904-இல் 'சுதேசமித்திரன்' இதழில் சேர்ந்து ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கியவரும் அவரே. அப்பணிக்குக் கைகொடுத்த ஆங்கிலத்துக்கு நெல்லை வகுப்பறையும் ஓரளவு கால்கோள் இட்டிருக்க வேண்டும். ஆதலின் நன்மை சிறிதும் இல்லை என்று அவர் சொல்லுவதை அப்படியே ஏற்க நாம் துணியோம். எனினும் குறையின் உட்கிடை வேறு. பாடம் ஒருபால் நிற்க, வாழ்வு மறுபால் நின்றது என்பதே அது. அவர்தம் தந்தையார் சின்னசாமி ஐயர் கணக்கிலும் இயந்திர நுட்பத்திலும் ஈடுபாடு மிக்கவர். எட்டயபுரத்தில் பருத்தி ஆலை தொடங்கிப் பொருளையெல்லாம் இழந்தவர். அயலாரின் சூழ்ச்சியே அவ்விழப்புக்குக் காரணம் என்று அதே பாடல் கூறுகிறது. வகுப்பிலே பொருளியல் பேசிய மகனுக்கு, வீட்டுப் பொருள் ஏன் அழிந்தது என்று விளக்க அவ்வகுப்பு உதவவில்லை. இது நூலில் கற்ற குறையன்று. நெஞ்சில் பட்ட புண்.

நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. செயல்வழிக் கற்றல் வந்தது. 2010-இல் சமச்சீர் கல்வி வந்தது. 2018 முதல் புதிய பாடநூல்கள் வந்தன. நூல்கள் முன்னையினும் சிறந்தவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பாடங்களுக்கிடையே உள்ள சுவர்கள் அவ்வண்ணமே நிற்கின்றன. பதினோராம் வகுப்பில் 'குரூப்' பிரிந்ததும் அவை மதிலாகவே உயர்கின்றன. கணக்கெடுத்தவனுக்கு வரலாறு அயலூர். வணிகவியல் எடுத்தவளுக்கு வேதியியல் அயல்நாடு.

ஆனால் நம் ஆற்றங்கரை மண்ணிலே பாடங்கள் பிரிந்து கிடக்கவில்லை. சிவகளையில் அகழ்ந்தெடுத்த முதுமக்கள் தாழி ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதனுள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. அக்காலத்தைக் கணித்தது கரிமப் பகுப்பாய்வு. அது வேதியியலும் இயற்பியலும் சேர்ந்த கலை. உயிர் நீங்கிய பொருளில் கதிரியக்கக் கரிமம் ஏறக்குறைய 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும் என்பது அடிப்படை. எஞ்சியதைக் கொண்டு ஆண்டைக் காண மடக்கைக் கணக்கு வேண்டும். நெல் தாவரவியலுக்கு உரியது. ஆற்று வண்டல் புவியியலுக்கு உரியது. தாழியோ புறநானூற்றுக்கு உரியது; இறந்துபட்ட மன்னனைக் கவிக்கத்தக்க தாழியை எங்ஙனம் வனைவாய் என்று குயவனை விளித்துக் கேட்கும் புலவர் அங்கே இருக்கிறார். சிவகளைக்கு அண்மையில் உள்ள ஆதிச்சநல்லூரில் 1876-இலேயே செர்மானியரான யாகோர் அகழ்ந்து பார்த்தார். கடல் கடந்து வந்தவர் கண்டதை நம் மாணவர் பலர் இன்னும் நேரிற் சென்று காணவில்லை. ஒரு தாழி ஆறு ஆசிரியர்களுக்கு ஒரு மாதப் பாடம் தரும். நாமோ அதனை இரண்டு மதிப்பெண் வினாவாக்கி அடைத்து வைத்திருக்கிறோம்.

கணக்கும் வானமும் கூடுகின்ற இடத்தைக் காட்டவோ, தொலைநோக்கிகூட வேண்டியதில்லை. மேலப்பாளையத்து மொட்டைமாடிகளில் ரமலான் பிறை பார்க்க நிற்கும் சிறுவர்கள், மாதம் இருபத்தொன்பதா முப்பதா என்று வாதிடுவதைக் கேட்டிருக்கிறோம். மாதத்தின் சராசரி அளவு 29.53 நாள் என்பதும், பன்னிரண்டு மாதம் கூடினால் 354 நாள் என்பதும், ஆண்டுக்குப் பதினொரு நாளாகப் பின்வாங்கி ஏறக்குறைய முப்பத்து மூன்று ஆண்டுகளில் நோன்பு எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது என்பதும் எளிய பெருக்கலும் கழித்தலுமே. கோடை நோன்பையும் மார்கழி நோன்பையும் நோற்ற பாட்டிமார்க்கு இவ்வுண்மை உடலால் தெரியும். பேரனுக்கு அது கணக்குப் புத்தகத்தில் இல்லை.

2023 திசம்பர் 17, 18 நாள்களை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. வடகிழக்குப் பருவக்காற்றின் இலக்கணத்தை மாணவர்கள் அரையாண்டுத் தேர்வுக்காக உருப்போட்டுக் கொண்டிருந்த பருவம் அது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. ஒரு சதுரக் கிலோமீட்டரில் அவ்வளவு மழை விழுந்தால் 95 கோடி லிட்டர் நீர் என்று அன்று எத்தனை வகுப்பறைகளில் கணக்கிட்டுப் பார்த்தோம்? தாமிரபரணி பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடல் சேர்வது வரை படத்தில் வரைந்தவர்கள், அதன் கரையோரத் தெருக்களில் தண்ணீர் ஏறியபோது எப்பக்கம் மேட்டுநிலம் என்று அறியாது திகைத்தனர்.

பாடத்திட்டத்தை முடிக்கவே நாள் போதவில்லை என்பார் ஆசிரியர். அது பொய்யன்று. பதினோராம் வகுப்புப் பாடத்தைக் கைவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஈராண்டு ஓட்டும் வழக்கத்தை ஒழிக்கவே 2017-18-இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அது நீக்கப்பட்டிருக்கிறது. பழைய வழக்கம் மீளுமோ என்ற ஐயம் நமக்கு உண்டு. பெற்றோர் அதனை இப்போதே கவனிக்க வேண்டும்.

தமிழ்த்துறையார் என்ற முறையில் நமக்குள்ள வருத்தத்தையும் மறைக்க வேண்டியதில்லை. பொறியியல் சேர்க்கைக்குக் கணக்கு, இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களே கணக்கில் வரும், தமிழ் வாராது. ஆகவே பள்ளியில் தமிழ்ப் பாடவேளை பிற பாடங்களுக்குத் தாரை வார்க்கப்படுகிறது. அங்கே அவ்வாறு பழகியவர், கல்லூரியில் பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் அமர்ந்து ஆய்வகப் பதிவேடு எழுதுகிறார். அவரைக் கடிந்து பயனில்லை. அவருடைய ஆய்வகத்துக்கும் நம் பாடலுக்கும் உள்ள உறவை நாம் காட்டினோமா? அலங்கார இலக்கணத்தை வரிசையாக எழுதச் செய்து, புலவனின் உள்ளத்தை வெளியே நிறுத்தியவர்களில் தமிழாசிரியரும் உண்டு. பாரதியாரின் குற்றச்சாட்டு கணக்காசிரியரை நோக்கி மட்டும் எழுந்ததன்று.

நம் கல்லூரிகளில் அகமதிப்பீட்டுக்குரிய ஒப்படைப்பு ஒன்றையேனும் இரு துறைகள் சேர்ந்து வைக்கலாம் என்பது நமது கருத்து. தாழியைப் பற்றித் தமிழ்த்துறையும் வேதியியல் துறையும், வெள்ளத்தைப் பற்றிக் கணிதத் துறையும் வரலாற்றுத் துறையும் வினா அமைக்கட்டும். பல்கலைக்கழகத்தின் ஆணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை; இரண்டு ஆசிரியர்கள் ஒரு மேசையில் அமர்ந்தால் போதும். வரும் பருவத்திலேயே தொடங்கலாம்.