வாய்தா வேறு, விடுதலை வேறு

"பட்டாளத்துக்காரன் மேல் கேஸ் போட்டு என்ன ஆகப்போகிறது? அவன் சம்பளத்தை எந்தக் கோர்ட்டும் தொட முடியாது" என்று அவலூர்பேட்டையில் பெண்ணைப் பெற்றவர்களுக்குப் புத்தி சொல்கிறவர்களுக்கு இது.

பாதி சரி. 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 28வது பிரிவு, படைவீரரின் சம்பளத்தை சிவில் நீதிமன்றம் ஜப்தி செய்வதைத் தடுக்கிறதுதான். மீதிப் பாதியை ஏன் விழுங்குகிறீர்கள்? அதே சட்டத்தின் 90, 91வது பிரிவுகள், மனைவி மக்களின் ஜீவனாம்சத்துக்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்ய வழிவிடுகின்றன. கமாண்டிங் ஆபீசருக்கு மனைவியே நேராக மனு எழுதலாம்.

"எல்லையில் இருக்கிறான், வழக்கு நகராது" என்கிறீர்கள். 1925ஆம் ஆண்டுப் படைவீரர் வழக்குச் சட்டம், போர்முனை போன்ற சூழலில் இருப்பவருக்கு அவகாசம் தருகிறது. நியாயம்தானே? பனிமலையில் நிற்பவனுக்கு எதிராக ஒருதலையாய்த் தீர்ப்பு எழுதலாமா? ஆனால் அது வெறும் வாய்தா.

வழக்குக்காக ஜம்முவுக்கு ரயிலேற வேண்டும் என்பதோ சுத்தப் புருடா. 2003 திருத்தத்துக்குப் பின், இந்துத் திருமணச் சட்டப்படி மனைவி தான் குடியிருக்கும் பகுதியின் நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம்.

விவாகரத்தானால் குடும்ப ஓய்வூதியம் கிடைக்காது என்கிறீர்களா? அது உண்மை. அதையும் சொல்லுங்கள், கணக்குப் பார்த்து அவளே முடிவெடுக்கட்டும்.