விண்மீன் கோடாவது ஏன்?

விண்மீனைப் படம்பிடித்தால் புள்ளி கோடாகிவிடுகிறதென வருந்தும் மாணவர், வில்லையையே பழிப்பர். பிழை பெரும்பாலும் தொலைகாட்டியின் தாங்கியிலேயே உளது. பூமியின் சுழற்சியால் வானம் 4 நிமிடத்தில் ஏறத்தாழ 1 பாகை நகர்கின்றது. அதற்கு ஈடாகத் தொலைகாட்டியைத் திருப்புவதே தாங்கியின் பணி.

அதன் அச்சு, துருவ நட்சத்திரத்தை அடுத்துள்ள வானத்துருவத்தை நோக்கல் வேண்டும். யாழ்ப்பாணத்தில் அது அடிவானிலிருந்து 10 பாகைக்கும் சற்றுக் குறைந்த உயரத்திலேயே உளது. இவ்வளவு தாழாத தாங்கிகளும் உண்டு, வாங்குமுன் நோக்குக.

உறைந்த பழைய கிறீஸைத் துடைத்துப் புதியதை மெல்லிதாகப் பூசுக. திருகுதண்டும் பற்சில்லும் இறுகப் பொருந்தின் சிக்கும், தளரின் ஆடும். இடைப் பற்சில்லுகளுக்குப் பதிலாகப் பல்வார் பூட்டின் அவ்வாட்டம் குறையும். இருபுறப் பாரத்தையும் சமன்செய்க.

புதுவில்லைக்குப் பொருள் செலவிடுமுன், தாங்கியைச் செப்பனிடுவோமாக!