உறைந்த திரையும் உடைந்த எழுத்தும்

“லினக்ஸா? ஸ்கிரீன் ஹேங் ஆகும், தமிழ் உடையும். பேசாம ஃபார்மட் பண்ணிட்டு விண்டோஸ் போட்டுடுங்க.” கணினி பழுதுபார்க்கும் கடையில் கேட்டாலும் கல்லூரி ஆய்வகத்தில் கேட்டாலும் பதில் இதுதான். சொல்பவர் பொய் சொல்லவில்லை. திரை உறைந்ததையும் எழுத்து சிதைந்ததையும் அவர் கண்ணாலேயே பார்த்திருப்பார். பார்த்த காட்சிக்கு அவர் கற்பிக்கும் காரணங்களைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில், கிராபிக்ஸ் டிரைவர் செத்துவிழுவது லினக்ஸின் பிறவிக் குணம் என்ற வாதம். அப்படியானால் விண்டோஸ் விஸ்டாவில் மைக்ரோசாஃப்ட் ஏன் ஒரு காவல் ஏற்பாட்டைச் சேர்த்தது? கிராபிக்ஸ் சில்லு 2 வினாடிக்குள் பதில் தராவிட்டால் டிரைவரை மீட்டமைப்பதுதான் அதன் வேலை. இன்றைக்கும் அது விண்டோஸில் இருக்கிறது. விஸ்டா தொடர்பான வழக்கொன்றில் 2008இல் வெளியான மைக்ரோசாஃப்ட் ஆவணங்களின்படி, 2007இல் பதிவான விஸ்டா முறிவுகளில் 28.8 விழுக்காட்டுக்கு என்விடியா டிரைவர்களே காரணம். விண்டோஸுக்கு ஒரு பெருமையைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும்: அங்கே திரை ஒரு கணம் கறுத்து, பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். லினக்ஸில் சில்லு மீண்டு வந்தாலும் மேசைச்சூழல் பல நேரம் மீளுவதில்லை. திறந்திருந்த வேலையெல்லாம் அதோடு போகும். இது உண்மையான குறை. ஆனால் “எழுந்து வரத் தடுமாறுகிறது” என்பது வேறு, “விழுவதே இதன் குணம்” என்பது வேறு.

அடுத்தது “மறுபடி நிறுவினால் சரியாகிவிடும்” என்ற வாதம். சரியாகத்தான் செய்கிறது, சில வாரங்களுக்கு. ஏன் என்று பார்க்கவேண்டும். என்விடியா டிரைவரின் ஒரு பகுதி, லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் மாட்டப்படும் மாட்யூல். டிகேஎம்எஸ் முறையில் நிறுவியிருந்தால், கெர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அந்த மாட்யூலைப் புதிய கெர்னலுக்காக மீண்டும் கட்டியாக வேண்டும். அதற்குரிய கெர்னல் ஹெடர் பொதி இல்லையென்றால் கட்டுமானம் நடக்காது. அடுத்த துவக்கத்தில் கறுப்புத் திரை. புதிதாக நிறுவும்போது கெர்னலும் டிரைவரும் ஒன்றுக்கொன்று பொருந்திய நிலைக்குத் திரும்புகின்றன. மறுபடி ஒரு கெர்னல் புதுப்பிப்பு வரும்வரை எல்லாம் சுகம். ஒரு நாளைச் செலவழித்து ஃபார்மட் செய்வதற்குப் பதில், துவக்கத்தில் வரும் கிரப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் அன்றைய வேலை ஓடிவிடும். ஹெடர் பொதியை ஆறஅமர நிறுவிக்கொள்ளலாம்.

செக்யூர் பூட் இயங்கும் மடிக்கணினியில் இன்னொரு கண்ணி இருக்கிறது. டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுதுவக்கத்தில் நீலத் திரை ஒன்று வந்து, சாவியைப் பதிவுசெய்யச் சொல்லும். வைரஸோ என்று பயந்து பலர் ‘தொடர்க’ என்பதை அழுத்திவிடுகிறார்கள். சாவி பதிவாகாததால் கெர்னல் மாட்யூலை ஏற்காது. பதிவில் “சாவி நிராகரிக்கப்பட்டது” என்று கெர்னலே எழுதிவைத்திருக்கும்.

அந்தப் பதிவைத்தான் யாரும் திறப்பதில்லை. ஜர்னல்சிடிஎல் கட்டளையில் முந்தைய துவக்கத்தின் கெர்னல் செய்திகளைக் கேட்டால், திரை உறைந்த நேரத்தின் கடைசி வரிகள் பெரும்பாலும் கிடைக்கும். ஏஎம்டி சில்லு என்றால் ‘ரிங் டைம்அவுட்’ என்றும், இன்டெல் என்றால் ‘ஜிபியு ஹேங்’ என்றும் இருக்கும். என்விடியா ‘எக்ஸ்ஐடி’ என்ற பெயரில் ஓர் எண்ணைக் கொடுக்கும். எண் 79 என்றால் கார்டு கணினியோடு இருந்த தொடர்பையே இழந்துவிட்டது என்று பொருள். மின்சப்ளை, சூடு, ஸ்லாட்டில் கார்டு சரியாக உட்காராதது ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வன்பொருளில் பிரச்சினை என்றால் விண்டோஸ் போட்டாலும் அது அங்கேயே காத்திருக்கும். சில சமயம் பதிவில் கிராபிக்ஸ் பற்றி ஒரு வரிகூட இராது. ‘நினைவகம் தீர்ந்தது’ என்றிருக்கும். 4 ஜிபி கணினியில் உலாவியின் தாவல்களை வரிசையாகத் திறந்தால் வரும் உறைவு அது. பழி மட்டும் டிரைவர் மேல் விழுகிறது.

“கம்பெனி தளத்துக்குப் போய் புது டிரைவரை இறக்கு” என்பது விண்டோஸிலிருந்து வந்த பழக்கம். இன்டெல்லுக்கும் ஏஎம்டிக்கும் டிரைவர்கள் கெர்னலிலும் மெசா என்ற கிராபிக்ஸ் நூலகத்திலுமே இருக்கின்றன. சாதாரணப் பயனர் எதையும் தேடி இறக்க வேண்டியதில்லை. என்விடியாவுக்கும் உங்கள் லினக்ஸ் டிஸ்ட்ரோ தரும் பொதியே பாதுகாப்பானது. தளத்திலிருந்து இறக்கிய நிறுவியைப் பொதி மேலாளர் அறியாது; இரண்டும் ஒன்றின் கோப்பை மற்றொன்று மாற்றி எழுதும். துவக்கக் கட்டளையில் ‘நோமோட்செட்’ சேர்க்கச் சொல்லும் அறிவுரையும் அரைகுறைதான். அது திரையை எட்டிப்பார்க்க உதவும் தற்காலிக வழி. நிரந்தரமாக விட்டுவிட்டால் கிராபிக்ஸ் சில்லின் வேலை பிராசஸர் தலையில் விழும். பிறகு “லினக்ஸ் ஸ்லோ” என்று ஒரு புதுப் புகார் கிளம்பும்.

இனி தமிழ். “லினக்ஸுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது” என்பவர் அதைச் சொல்வது ஆண்ட்ராய்டு கைபேசியில் என்றால் வேடிக்கைதான். ‘கொ’ என்று எழுதும்போது யூனிகோடில் ககரம் முதலில் வரும், உயிர்க்குறி பின்னால் வரும். அந்த ஒற்றைக் குறியை இரண்டாகப் பிரித்துக் ககரத்தின் இருபுறமும் வைப்பது ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள். ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ் என்று எல்லாவற்றிலும் அதே ஹார்ஃப்பஸ்தான். லிப்ரே ஆஃபிஸும் 2017இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து எல்லா இயங்குதளங்களிலும் அதையே பயன்படுத்துகிறது.

எழுத்து எப்படி உடைகிறது என்று உற்றுப் பார்த்தால் காரணம் பிடிபடும். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் தமிழ் எழுத்துரு இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழையோ லோகித் தமிழையோ நிறுவினால் போதும். புள்ளிகளாலான வட்டத்தோடு கொம்பு தனியாக நின்றால் பிழை பனுவலிலேயே இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கொம்பை முதலில் அடிப்போம்; அரைகுறையான மாற்றி அந்த வரிசையை அப்படியே யூனிகோடுக்குக் கொண்டுவந்தால் கொம்பு அநாதையாகிவிடும். அந்தக் கோப்பை விண்டோஸில் திறந்தாலும் கொம்பு சரியான இடத்துக்குப் போகாது. கோப்பு முழுக்க ஆங்கில எழுத்துக் குவியலாக இருந்தால் அது மாற்றப்படாத பாமினி.

நான்காவது வகைதான் பலரை ஏமாற்றுவது. மடிக்கணினியை மூடித் திறந்ததும் மெனுவில் பாதி எழுத்துகளைக் காணோம், மீதி கிறுக்கலாக இருக்கின்றன. எழுத்துருவை மாற்றி மாற்றி நிறுவியும் பயனில்லை. ஒருமுறை வரைந்த எழுத்துருவங்களை மேசைச்சூழல் கிராபிக்ஸ் நினைவகத்தில் சேமித்து, திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கணினி உறக்கத்துக்குப் போகும்போது என்விடியா டிரைவர் அந்த நினைவகம் முழுவதையும் காப்பாற்றாமல் விட்டால், விழித்தெழும்போது அங்கே இருப்பது குப்பை. டிரைவரின் மாட்யூல் அமைப்பில் நினைவக ஒதுக்கீடுகளைப் பாதுகாக்கும் விருப்பத்தை 1 ஆக்கி, அதற்குரிய சஸ்பெண்ட், ரெஸ்யூம் சேவைகளை இயக்கினால் சரியாகும். எழுத்துருவை இதில் தொடவே வேண்டாம்.

எழுத்து மங்கலாக இருக்கிறது என்ற புகாரில் பாதி பழங்கதை. துணைப்புள்ளி நுட்பத்தின் மீது மைக்ரோசாஃப்ட் வைத்திருந்த கிளியர்டைப் காப்புரிமைகள் 2019இலேயே காலாவதியாகிவிட்டன. இப்போது மங்கலாகத் தெரிந்தால், வேலாண்ட் என்ற திரை அமைப்பில் 125 அல்லது 150 விழுக்காடு பெரிதாக்கத்தில் பழைய எக்ஸ் செயலி ஓடுகிறதா என்று பாருங்கள். சிறிதாக வரைந்த படத்தை இழுத்துப் பெரிதாக்குவதால் வருவது அது.

ஒரு குற்றச்சாட்டுக்கு மட்டும் என்னிடம் மறுப்பு இல்லை. டெர்மினலில் தமிழ் உடையத்தான் செய்கிறது. சம அகலக் கட்டத்துக்குள் ஒவ்வொரு குறியையும் அடைக்கும் அமைப்பு அது. ‘கொ’ அதற்குள் அடங்காது. பல டெர்மினல்கள் எழுத்துகளைக் கோக்கும் வேலையை முழுமையாகச் செய்வதுமில்லை. தமிழ்க் கோப்பைத் திருத்த வேண்டுமென்றால் இப்போதைக்கு கேட் போன்ற வரைகலை எடிட்டரில்தான் திறக்கவேண்டும்.