படத்தில் இருப்பதுதான் பார்சலிலும் இருக்க வேண்டும்

 

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் சமைத்து விற்கிற பெண்கள் உள்ள குடும்பங்கள் கட்டாயம் கடைசிவரை வாசியுங்கள்.

அண்மையில் நம்ம பகுதியில் இரண்டு நாள் செயலமர்வு ஒன்று நடந்தது. உணவை அலங்கரிப்பது எப்படி, படம் பிடிப்பது எப்படி என்பதுதான் விஷயம். பாடசாலையில் மனைப்பொருளியல் படிப்பிக்கிறதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தமிழ், முஸ்லிம் என்று இருபதுக்கு மேற்பட்ட பெண்கள். இடியப்பம் அவிப்பவர், தொதல் கிண்டுபவர், வட்டிலாப்பம் செய்பவர். எருமைத் தயிர் விற்கிற அக்கா ஒருவர் இரண்டு சட்டி தயிரோடு வந்திருந்தார்.

அந்தத் தயிரைப் பயிற்றுநர் ஓரமாக வைக்கச் சொன்னார். லைட் சூட்டில் தண்ணீர் விடுமாம், படத்துக்குச் சரிவராதாம். ஐசிங் சீனியையும் மாஜரினையும் குழைத்து வெறும் சட்டியில் நிரப்பினார். மேலே பாணி என்று ஊற்றியது என்ஜின் ஒயில். பாணி என்றால் ஊறி இறங்கிவிடுமாம், ஒயில் அப்படியே மினுங்கிக்கொண்டு நிற்குமாம்.

எருமை மேய்கிற ஊரில், நிஜத் தயிர் பக்கத்தில் இருக்க, மாஜரினைப் படம் பிடித்தோம்!

பிறகு கோழி. அரை அவியலில் எடுத்து, சோயா சோஸும் பாத்திரம் கழுவுகிற லிக்விட்டும் கலந்து தூரிகையால் பூசினார். பார்த்தால் பொரித்தது மாதிரியே இருந்தது. பால் வேண்டிய இடத்தில் மரவேலைக்குப் பாவிக்கிற வெள்ளைப் பசை. ஆவி பறக்கிற மாதிரிக் காட்டச் சோற்றுக்குப் பின்னால் சூடாக்கிய ஈரப் பஞ்சு. பின்னேரம் அந்தக் கோழி முழுதும் குப்பைக் கிடங்குக்குப் போனது.

2006இல் இடம்பெயர்ந்த சம்பூர்ச் சனம் பல வருடம் இதே கிளிவெட்டி முகாமில் நிவாரண அரிசியில் வாழ்ந்தது. அதே வருடம் ஆகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்க்கு ஓடி, சோற்றுப் பார்சலுக்கு வரிசையில் நின்றோம். 2022இல் பால்மாவுக்கும் கேஸுக்கும் நின்ற வரிசை யாருக்கும் மறந்திருக்காது. இந்த மண்ணில் நின்றுகொண்டு, படத்துக்காகச் சாப்பாட்டில் சவர்க்காரம் பூசிக் கிடங்கில் போடுவதைத் திறமை என்று கைதட்ட என்னால் முடியவில்லை.

நான் படம் பிடிப்பதற்கு எதிரி இல்லை. இன்றைக்கு ஓடர் வருவதே வட்ஸ்அப்பில் போடுகிற படத்தைப் பார்த்துத்தான். கோப்பையின் விளிம்பைத் துடையுங்கள், இரண்டு கறிவேப்பிலை வையுங்கள், நல்ல துணி விரியுங்கள். பெருநாளைக்குப் புது உடுப்புப் போடுகிற மாதிரி அது. உடுப்பை மாற்றலாம். ஆளையே மாற்றி அனுப்பலாமா?

"உலகம் முழுக்க இப்படித்தான் செய்றாங்க மிஸ்" என்று பயிற்றுநர் எனக்குப் பதில் சொன்னார். உலகம் முழுக்கச் செய்தார்கள், மாட்டுப்பட்டும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் கேம்பல் என்ற பெரிய சூப் கம்பனி, விளம்பரத்துக்குப் படம் பிடிக்கிறபோது கோப்பையின் அடியில் கண்ணாடிக் குண்டுகளைப் போட்டது. மரக்கறித் துண்டுகள் மேலே எழும்பி, சூப் முழுக்க மரக்கறி போலத் தெரிந்தது. அங்கே சட்டக் கல்லூரி மாணவர்கள்கூட இதற்கு எதிராகக் கிளம்பினார்கள். 1970இல் அந்த நாட்டு வர்த்தக ஆணைக்குழு அதைத் தடுத்து உத்தரவு போட்டது. குண்டைச் சாப்பிட்டு யாருக்கும் வருத்தம் வரவில்லை. இல்லாததை இருப்பதாகக் காட்டியதுதான் குற்றம்.

நமக்கு அமெரிக்கா வரை போகத் தேவையில்லை. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. உள்ளே ஈரம். மழை பட்டது என்று வியாபாரி சொன்னார். ஈரமானதை ஆட்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் இல்லை என்றார்கள். இது முஸ்லிம்களுக்கு மட்டுமான பாடமும் இல்லை. நெல் வாங்குகிற எவரும் மூட்டைக்கு நடுவில் கையை விட்டுத்தான் பார்ப்பார். போனில் போடுகிற படம் குவியலின் மேல்பக்கம். வாங்குகிறவருக்கு உள்ளே கை விட வழியில்லை. அதனால் பொறுப்பு முழுக்க விற்கிறவர் தலையில்.

நாட்டின் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வாங்குபவரைத் தவறாக வழிநடத்துவதைத் தடை செய்கிறது. ஏமாந்தவர் 1977க்கு அழைத்தால் மாட்டப்போவது பயிற்றுநர் இல்லை, நம்ம அக்காவும் ராத்தாவும்தான்.

பெரிய கம்பனி ஒரு ஆளை ஏமாற்றினால் இன்னும் ஆயிரம் பேர் வாங்குவார்கள். அதற்கு வக்கீலும் இருக்கிறார். நம்ம பெண்களிடம் இருப்பது பெயர் ஒன்றுதான். ஒருகாலம் கிண்ணியாவில் பாதைக்காகக் காத்துக் கிடந்தோம். 2009இல் பாலம் திறந்தார்கள். இப்போது இங்கே கட்டுகிற பார்சல் அன்றைக்கே திருகோணமலைக்குப் போகிறது. பார்சல் போகிற அதே வேகத்தில் கெட்ட பெயரும் திரும்பி வரும்.

சரி, அந்தப் பெண்களுக்கு என்ன சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்? வெளிச்சத்தைப் பற்றிச் சொன்ன அரை மணித்தியாலம் உண்மையில் பிரயோசனமானது. காலை வெளிச்சத்தில் வாசல் பக்கம் வைத்துப் பிடிக்க வேண்டும். இருண்ட பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை நிறுத்தினால் நிழல் குறையும். கமராக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பிடிக்க வேண்டும். பிட்டைச் சரிவாகவும், சஹனை மேலிருந்தும் பிடிக்க வேண்டும். இதற்குக் காசு செலவில்லை. ஆனால் அதோடு விடாமல் ரிங் லைட், பலகை, கோப்பை என்று வாங்க வேண்டியவற்றின் பட்டியல் ஒன்றையும் கையில் தந்தார்கள். நுண்கடன் கட்டிக் களைத்த வீடுகளுக்கு இன்னொரு கடன் வழி!

ஒரு ராத்தா எழும்பிக் கேட்டார்: "பி.எச்.ஐ.யிட்ட பதிவது எப்படி? தயிர் சூட்டுல புளிக்காம டவுனுக்கு அனுப்புறது எப்படி?" அது இன்றைய தலைப்பில் இல்லை என்றார்கள். அவர்களின் கேள்விதான் தொழில். விலை போடுவது, நிறை அளப்பது, செய்த திகதி எழுதுவது, பழுதாகாமல் கொண்டு போய்ச் சேர்ப்பது.

கடைசியில் பெனர் பிடித்து, சான்றிதழ் கொடுத்து, எல்லாரையும் சிரிக்க வைத்துப் படம் எடுத்தார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்றைக்கு அலங்கரித்துப் படம் பிடித்த சாப்பாடு கோழி இல்லை, நாங்கள்தான். மேலே அனுப்புகிற அறிக்கையில் நாங்கள் அழகாக மினுங்குவோம். உள்ளே ஈரம்.

உதவி செய்ய வருகிற நிறுவனங்களுக்கு: வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வர முதல் எங்கள் பெண்களிடம் என்ன தேவை என்று கேளுங்கள். படப்பிடிப்புக்குச் சமைப்பதை அன்றைக்கே சாப்பிடக் கொடுங்கள்.

விற்கிற என் சகோதரிகளுக்கு: ஒரே ஒரு சட்டம் வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுத்த கோப்பையை அப்படியே எடுத்து உங்கள் பிள்ளைக்குத் தீத்த முடியுமா? அதே அளவு, அதே தரம், போட்ட விலைக்கு வாங்குகிறவர் கைக்குப் போகுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் தாராளமாகப் போடுங்கள்.

அன்று திரும்பும் வழியில் அந்த அக்கா தன் தயிரை எங்களுக்கே பகிர்ந்து தந்தார். கெட்டித் தயிர், கரண்டி நட்டால் நிற்கும். நான் போனில் ஒரு படம் எடுத்தேன், ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டிருந்ததோடு. அதைத்தான் கீழே போட்டிருக்கிறேன். தயிர் என்றால் தண்ணீர் விடும்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள், பதில் சொல்கிறேன். வஸ்ஸலாம்.