வாடை அறியாத நாட்காட்டி

2022ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆந் திகதி வெள்ளிக்கிழமை, இலங்கைத் தீவிலுள்ள அரசாங்கப் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. வங்கக் கடலில் மண்டோஸ் புயல் சுழன்றுகொண்டிருந்த நாட்கள் அவை. வளி மாசடைந்து மூச்சுக்கு ஒவ்வாத நிலையை அடைந்துவிட்டது என்பதே முதன்மையான காரணமாகக் காட்டப்பட்டது. அதே நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் வாடைக்காற்று வேறொரு வேலையைச் செய்துகொண்டிருந்தது. வன்னியின் மேய்ச்சல் தரைகளிலும் கீழ்மாகாணத்தின் வெளிகளிலும் மாடுகளும் ஆடுகளும் நூற்றுக்கணக்கிற் குளிரில் விறைத்து மடிந்தன. கூரையில்லாத பட்டிகளில், நனைந்த நிலத்தில், ஓயாத காற்றில் இரவு முழுவதும் நின்ற கால்நடைகள் விடியுமுன் வீழ்ந்து கிடந்தன. ஆண்டாண்டாக வளர்த்த செல்வத்தை ஓரிரவில் இழந்த கமக்காரர்களின் கண்ணீரை அந்நாளைய பத்திரிகைகள் படம்பிடித்துக் காட்டின.

மாடு மடிந்ததற்கும் பாடசாலை மூடியதற்கும் தொடர்பென்ன என்று வினவுவோர் இருக்கலாம். தொடர்பு உண்டு. பனிமழை பெய்யும் நாடு அன்று நம் நாடு. எனவே குளிர் நம்மை ஒன்றுஞ் செய்யாது என்ற எண்ணம் நம் ஆட்சியாளரிடமும், ஏன், நம்மிடமுமே வேரூன்றிக் கிடக்கிறது. உறைபனி இல்லாத மண்ணிலும் மழையும் காற்றுங் கூடினால் குளிர் கொல்லும் என்பதை அந்த டிசம்பர் நமக்குக் காட்டிற்று. அந்தக் குளிரை அறிந்தவர் யார்? பட்டிக்காரர் அறிவார், ஓலைக்குடிசையிற் பிள்ளையை அணைத்துப் படுத்த தாய் அறிவாள், ஈரச் சட்டையோடு வகுப்பில் நடுங்கும் மாணவனைக் கண்ட ஆசிரியர் அறிவார். ஆனால், பாடசாலையை மூடவேண்டுமா, திறக்கவேண்டுமா என்ற தீர்மானமோ இவர்கள் எவரையுங் கேளாமல், தலைநகரில் ஒரே வரியில் எழுதப்படுகிறது. எந்தப் பிள்ளை எந்தக் குளிரில் எத்தனை கட்டை நடந்து வருகிறது என்பதை அந்த வரி அறியாது.

அன்றைய ஆணை தவறென்று நாம் கூறவில்லை. பிள்ளைகளின் மூச்சைக் காப்பதற்காக ஒரு நாட் படிப்பை இழப்பது நட்டமன்று. நாம் கேட்பது வேறு. ஆண்டுதோறும், அதே மாதங்களில், அதே திசையிலிருந்து வரும் இடருக்கு நமது கல்வி நிருவாகம் ஆண்டுதோறும் புதிதாக வியப்படைவது ஏன்?

வரலாற்றைப் புரட்டிப் பாருங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் நமது வடபுலத்தையும் தாக்கிச் சென்றது. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைச் சூறாவளி சூறையாடியது. 2008 நவம்பரில் நிஷா, 2020 டிசம்பரிற் புரெவி, 2022 டிசம்பரில் மண்டோஸ், 2024 நவம்பரிற் பெங்கல், 2025 நவம்பரில் டித்வா. பெயர்கள் மாறுகின்றன; மாதங்கள் மாறவில்லை. கார்த்திகையும் மார்கழியும் வடகீழ்ப் பருவக்காற்றின் மாதங்கள். காலபோக நெல்லுக்கு உயிர் கொடுக்கும் மாரிமழை அப்பொழுதே பொழிகிறது. குளங்கள் அப்பொழுதே நிறைகின்றன. வான்கதவுகள் அப்பொழுதே திறக்கப்படுகின்றன. எழுதப் படிக்கத் தெரியாத கமக்காரனும் இதனை அறிந்தே தன் விதைப்பை ஒழுங்குசெய்கிறான். கற்றோர் நிறைந்த கல்வியமைச்சு மட்டும் இதனை அறியாததுபோல் நாட்காட்டி எழுதுகிறது.

நம் பிள்ளைகளின் வாழ்வையே தீர்மானிக்கும் உயர்தரப் பரீட்சை 2019ஆம் ஆண்டில் ஓகஸ்ட் மாதத்தில் நடந்தது. கொள்ளை நோயும், அதன்பின் வந்த பொருளாதார வீழ்ச்சியும் நாட்காட்டியைக் குலைத்தன. குலைந்ததைச் சீர்செய்யும்பொழுது, மாரிகாலத்தின் நடுமார்பிலே பரீட்சை நாட்டப்பட்டது. விளைவு யாது? 2024 நவம்பர் 25இற் பரீட்சை தொடங்கியது. வெள்ளத்தைக் கடந்து மாணவர் பலர் மண்டபத்தை அடைந்தனர். 27ஆந் திகதி பரீட்சை நிறுத்தப்பட்டது. டிசம்பர் 4இலேயே மீண்டுந் தொடங்கியது. இதனாற் பாடம் கற்றுக்கொண்டார்களா? இல்லை. மறு ஆண்டும் நவம்பரிலேயே பரீட்சை வைத்தார்கள். டித்வா வந்தது. அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்துச் சென்ற அப்பேரழிவில் எஞ்சிய பாடங்கள் 2026 ஜனவரிக்குத் தள்ளப்பட்டன. ஒரு முறை நேர்ந்தால் அது இயற்கையின் செயல். மறுமுறையும் அவ்வாறே நேர்ந்தால் அதில் மனிதரின் கவனக்குறைவும் பங்குகொள்கிறது.

இடம்பெயர்ந்த மக்கள் தஞ்சம் புகும் இடமும் பாடசாலையே என்பதை மறத்தலாகாது. வெள்ளம் வீட்டிற் புகுந்ததும் குடும்பங்கள் வகுப்பறைகளிற் பாய் விரிக்கின்றன. அதே கட்டிடத்திற் பரீட்சையும் நடத்த வேண்டுமாம்! தன் தாய் ஒரு வகுப்பறையில் அடுப்பு மூட்ட, அடுத்த மண்டபத்தில் மகன் இரசாயன வினாத்தாளுக்கு விடை எழுதுவது எந்த நீதிக்கு அடுத்தது? உலர்ந்த உடையும் அமைதியான உறக்கமும் பெற்ற மாணவனோடு இம்மகனை ஒரே அளவுகோலால் அளந்து, பல்கலைக்கழக வாயிலிற் புள்ளி எண்ணுவதைச் சமவாய்ப்பு என்று அழைக்க எமக்கு நா எழவில்லை.

காலந்தாழ்த்தி மூடுவதன் கொடுமையை ஓர் எடுத்துக்காட்டாற் கூறுவோம். 2024 நவம்பர் 26ஆந் திகதி, அம்பாறை மாவட்டத்தின் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில், விடுமுறையில் வீடு திரும்பிக்கொண்டிருந்த மதரசா மாணவர்களை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றது. பச்சிளம் மாணவர் பலர் மாண்டனர். கல்வி கற்கச் சென்ற பிள்ளைகள் உயிரற்ற உடல்களாய்த் திரும்பிய அந்நாளை நினைக்க நெஞ்சு பதறுகிறது. எவரையுங் குற்றக் கூண்டில் ஏற்றுவதற்காக நாம் இதனை எழுதவில்லை. விடுமுறை என்பது வெறும் அறிவித்தல் அன்று, அது ஒரு பயணமும் ஆகும் என்பதை நினைவூட்டவே எழுதுகிறோம். வீதி உலர்ந்திருக்கும்போது மூடினால் அது பாதுகாப்பு. வீதி மூழ்கிய பின் மூடினால் அது பிள்ளையை வெள்ளத்துக்கு அனுப்புவதாக முடியலாம். ஆகவே, மூடுவதா என்பதைப் போலவே எப்பொழுது மூடுவது என்பதும் உயிர்நிலையான வினாவாகும்.

பனியிலே வாழும் மக்கள் இதனை எவ்வாறு கையாளுகின்றனர்? நம்மவர் பெருந்தொகையாகக் குடியேறியுள்ள கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், உள்ளூர்ப் பாடசாலைச் சபைகளே அதிகாலையில் வானிலையைப் பார்த்துப் பேருந்துகளை நிறுத்துவதா, கதவுகளை அடைப்பதா என்று முடிவுசெய்கின்றன. இங்கிலாந்திற் பெரும்பாலும் தலைமையாசிரியரே அம்முடிவை எடுக்கிறார். ஐக்கிய அமெரிக்காவின் வடபால் மாநிலங்கள் பலவற்றில், பனியால் இழக்கப்போகும் நாட்களை முன்கூட்டியே கணக்கிட்டு நாட்காட்டியில் இடம் ஒதுக்குகின்றனர்; மேலும் இழந்தால் கோடையில் ஈடுசெய்கின்றனர். பனி வந்ததும் அங்கே எவரும் திகைப்பதில்லை. தலைநகரைப் பார்த்துக் காத்திருப்பதுமில்லை.

இவை செல்வ நாடுகள் என்று சிலர் தட்டிக்கழிப்பர். காஷ்மீரத்தைப் பார்க்கட்டும். டிசம்பர் 21இல் தொடங்கி நாற்பது நாட்கள் நீடிக்கும் கடுங்குளிருக்குச் சில்லாய்க் கலான் என்று அம்மக்கள் பெயரிட்டுள்ளனர். ஏரிகளும் குழாய்களும் உறையும் அக்காலத்தில் பள்ளத்தாக்கின் பாடசாலைகள் மூடிக்கிடக்கும். ஆகவே, பனி விழுமுன்னரே ஆண்டிறுதிப் பரீட்சையை முடித்துவிடுவது அங்கு நெடுங்கால வழக்கம். குளிர்கால விடுமுறையிற் பிள்ளை புதிய வகுப்பின் புத்தகத்தோடு கணப்பின் அருகில் அமர்ந்திருக்கும். 2022ஆம் ஆண்டில், டில்லியால் நியமிக்கப்பட்ட துணைநிலை ஆளுநரின் நிருவாகம், ஏனைய இடங்களோடு ஒருமைப்படுத்துவதாகக் கூறிப் பரீட்சையை மார்ச்சு மாதத்திற்கு மாற்றியது. 2024 ஒக்டோபரில் மக்கள் தெரிந்தெடுத்த அரசாங்கம் பதவியேற்றது. அம்மாதம் முடிவதற்குள்ளேயே, ஒன்பதாம் வகுப்பு வரையில் பழைய ஒழுங்கு மீண்டும் நிலைநாட்டப்பட்டது. தன் மண்ணின் குளிரைத் தானறிந்த ஆட்சிக்கும், ஒருமைப்பாடு என்ற சொல்லை மட்டும் அறிந்த ஆட்சிக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இங்கே நம் நிலை யாது? 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின்படி, தேசிய பாடசாலைகள் நீங்கலாக, கல்வியின் பெரும்பகுதி மாகாணத்துக்குரியது. ஆனால், கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இலும், வட மாகாண சபையின் காலம் 2018இலும் முடிவடைந்தன. அதன்பின் ஏழாண்டுகள் நிறைந்தபோதும் தேர்தல் நடத்தப்படவில்லை, ஆளுநர்களே ஆண்டனர். ஆளுநர்களும் மாகாண அதிகாரிகளும் சில வேளைகளிற் பாடசாலைகளுக்குத் தாமாகவே விடுமுறை அளித்ததை நாம் மறைக்கவில்லை. எனினும், மக்களுக்கு வகைசொல்லக் கடமைப்பட்ட கல்வியமைச்சர் ஒருவர் மாகாணத்தில் இல்லாதபோது, நாட்காட்டியை மாற்றுமாறு கொழும்பிடம் வாதாடுவோர் யார்? பரீட்சைத் திணைக்களத்தின் வாயிலில் நமது மாரிகாலத்தை எடுத்துரைப்போர் யார்? சுயாட்சி என்பது மேடையில் முழங்கும் சொல் மட்டுமன்று. நாளை காலையில் நம் பிள்ளை எத்தனை மணிக்கு, எந்த வழியாக, எந்தக் குளிரிற் பாடசாலைக்குச் செல்லும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையும் அதில் அடங்கும்.

நாம் கேட்பவை மிகையானவை அல்ல.

முதலாவது, உயர்தரப் பரீட்சை நவம்பர், டிசம்பர் மாதங்களினின்றும் நீக்கப்பட்டு, மீண்டும் ஓகஸ்டுக்குக் கொண்டுசெல்லப்படல் வேண்டும். மே, ஜூன் மாதங்களில் தென்மேற்குப் பருவமழையால் களுத்துறையும் இரத்தினபுரியும் மாத்தறையும் வெள்ளத்தில் மிதப்பதை நாம் அறிவோம். 2017 மே மாத அழிவை எவரும் மறந்திருக்கமாட்டார். ஓகஸ்ட் இரு பருவங்களின் பெருவெள்ளங்களுக்கும் இடைப்பட்டது. ஆகவே இது தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் சலுகை கேட்கும் கோரிக்கை அன்று. சிங்களப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் நன்மை பயப்பதாகும்.

இரண்டாவது, பாடசாலையை மூடும் அதிகாரம் வலயக் கல்விப் பணிப்பாளருக்கும், அவசர வேளையில் அதிபருக்கும் ஐயத்துக்கிடமின்றி எழுத்தில் வழங்கப்படல் வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கையும், குளங்களின் நீர்மட்டமும் முன்னாள் மாலையிலேயே அவர்கள் கையை அடைதல் வேண்டும்.

மூன்றாவது, வடகிழக்கின் நாட்காட்டியில் மாரிகாலத்துக்கென ஈட்டு நாட்கள் ஒதுக்கப்படல் வேண்டும். மூடிய நாட்களுக்கு ஈடில்லையெனில், இழப்பு முழுவதும் ஏழைப் பிள்ளையின் தலையிலேயே விழுகிறது. வசதியுள்ளோர் தனியார் வகுப்பில் ஈடுசெய்வர். பாடசாலையின் மதிய உணவையே நம்பியிருக்கும் பிள்ளையோ பாடத்தையும் இழக்கிறது, சோற்றையும் இழக்கிறது.

நான்காவது, மலையகத்தின் குழந்தைகளை மறவாதிருப்போம். தை, மாசி விடியற்காலையில் நுவரெலியாவின் புல்மீது உறைபனி படிகிறது. லயன் அறையினின்று மெல்லிய சட்டையோடு புறப்பட்டு, தேயிலைச் சரிவுகளினூடே நடந்துவரும் அப்பிள்ளைகளுக்குக் கொழும்பின் மணிக்கூடு பொருந்தாது. குளிர் மிகுந்த வாரங்களிற் பாடசாலை தொடங்கும் நேரத்தைப் பிந்தி வைப்பதும், வெம்மையான மேலாடை வழங்குவதும் அரசுக்குப் பெருஞ்செலவாகா.

அரசாங்கத்தை நோக்கி இவ்வளவு கூறிய நாம், நம் மக்களை நோக்கியுஞ் சில சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். நம்மிடையே நீர்ப்பாசனப் பொறியியலாளர்கள் உள்ளனர். எந்தப் பாலம் எந்த மழையில் மூழ்கும் என்பதை அவர்கள் அறிவர். மருத்துவர்கள் உள்ளனர், ஈரமும் காற்றும் குழந்தையின் உடலை என்ன செய்யும் என்பதை அவர்கள் அறிவர். சட்டத்தரணிகள் உள்ளனர், மாகாணத்துக்கு உரிய அதிகாரம் எது, மத்திக்கு உரியது எது என்பதை அவர்கள் அறிவர். கமக்காரர்கள் உள்ளனர், வானத்தைப் பார்த்தே மறுநாளை அளக்கும் அறிவு அவர்களுடையது. இவர்கள் அனைவரும் ஒவ்வொரு பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்திலும் ஒன்றுகூடி, ஐப்பசி பிறக்குமுன் தத்தம் ஊருக்கு ஒரு மாரிகாலத் திட்டம் வகுத்தால், அதனைத் தடுக்கக்கூடிய சட்டம் எதுவுமில்லை. பிள்ளைகள் எந்த வழியால் வருவது, எந்த நீர்மட்டத்தில் வீதியை அடைப்பது, தஞ்சம் புகும் குடும்பங்களுக்குப் பாடசாலையன்றி வேறெந்தக் கட்டிடத்தை ஒதுக்குவது என்பவற்றை ஊரே முடிவுசெய்யலாம்.

2022இன் குளிரில் மடிந்த மாடுகளைப் புதைத்த கமக்காரர் பலர், பின்னர் பட்டிக்குக் கூரை போடவேண்டும் என்று பேசிக்கொண்டனர். இழந்த பின்னரேனும் பாடங் கற்றுக்கொள்வது மனித இயல்பு. நமது பிள்ளைகளின் கல்விக்கும் உயிருக்கும் கூரை வேயும் கடமை நம் எல்லோருடையதுமாகும். வாடை மீண்டும் வரும். அதனை எவராலும் நிறுத்தவியலாது. நாட்காட்டியை மாற்ற இயலும். அதனை மாற்றும்வரை நாம் ஓயமாட்டோம்.